பர்ன் செய்த டிஸ்க்கில் டேட்டா திரும்ப வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பார்ப்போம்

கணக்கு சாப்ட்வேர், நோயாளி பதிவேடு, படத் தொகுப்பு, அளவீட்டுப் பதிவு என்று ஏதோ ஒரு புரோகிராமின் டேட்டாவை சிடி, டிவிடி அல்லது புளூ-ரே டிஸ்க்கில் எழுதுகிறீர்கள். 'வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் வருகிறது. அந்தச் செய்திக்கு அர்த்தம் ஒன்றுதான்: டிரைவ் பிழை எதுவும் சொல்லாமல் லேசரை அணைத்தது. டேட்டா பத்திரமாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. டிஸ்க்கை வேறொரு டிரைவில் படித்து, அந்தப் புரோகிராமே டேட்டாவைத் திறந்து காட்டிய பிறகுதான் அதற்கு விடை கிடைக்கும்.

கோளாறு நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கும்: புரோகிராம் தன் டேட்டாவை ஃபைலாக வைத்திருக்கும் விதம், அந்த ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கும் ஃபைல் அமைப்பு, பர்ன் செய்த நேரத்தில் நடந்தது, கடைசியாக டிஸ்க்கும் டிரைவும். எல்லோரும் முதலில் திட்டுவது டிஸ்க்கைத்தான். ஆனால் நான் பார்த்தவரை முதல் இரண்டு இடங்களில்தான் வில்லங்கம் அதிகம். விருப்பம்போல் அழித்து எழுதலாம் என்று நம்பி எழுதப்பட்ட புரோகிராம், ஒருமுறை மட்டுமே எழுத முடிகிற இடத்தில் திணறத்தான் செய்யும்.

கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். சிக்கலான டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டிரைவ் எழுதவே மறுக்கிறது

முதலில் அளவைப் பாருங்கள். பெட்டியில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும் டிவிடி, விண்டோஸ் கணக்கில் சுமார் 4.38 ஜிபிதான் வரும். பெட்டிக்காரர் 1000-ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. 25 ஜிபி புளூ-ரே இதே கணக்கில் 23.3. இன்னொரு நுணுக்கம்: டிவிடி-ஆர் வகையில் 4,707,319,808 பைட் கொள்ளும், டிவிடி+ஆர் வகையில் 4,700,372,992 பைட்தான். முன்னதை விளிம்புவரை நிரப்பும்படி தயாரித்த இமேஜ் (டிஸ்க்கின் முழு உள்ளடக்கமும் அடங்கிய ஒற்றை ஃபைல்) பின்னதில் ஏறாது. லினக்ஸில் சில பர்னிங் புரோகிராம்கள் புளூ-ரே டிஸ்க்கை மாற்று இடம் ஒதுக்கி ஃபார்மேட் செய்யும். அப்போது மிஞ்சுவது, பெட்டிக் கணக்கில், சுமார் 24.2 ஜிபி.

அளவு சரியாக இருந்தும் மறுத்தால், பர்னிங் சாப்ட்வேரின் பதிவுக் குறிப்பில் வரும் பிழை எண்ணைத் தேடுங்கள். திரையில் காட்டும் வாக்கியத்தைவிட அதற்குத்தான் மதிப்பு. 30/05 என்றால் அந்த டிஸ்க் வகையில் டிரைவால் எழுத முடியாது. டிஸ்க் ஏற்கெனவே மூடப்பட்டிருக்கலாம், அல்லது வகையே பொருந்தாமல் இருக்கலாம். 73/03 என்றால் எழுதும் முன் லேசரின் சக்தியைச் சோதித்துப் பார்க்கும் பகுதியிலேயே டிரைவ் தோற்றுவிட்டது. மட்டமான டிஸ்க், அழுக்கு லென்ஸ், போதாத மின்சாரம் மூன்றுமே இதற்குக் காரணமாகலாம். வேறு பிராண்டு டிஸ்க்கில் அதே டிரைவ் எழுதினால் குற்றவாளி டிஸ்க். எதிலும் எழுதவில்லை என்றால் டிரைவ்.

யூஎஸ்பி டிரைவாக இருந்தால் அதற்கு முன் கேபிளைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்ப்தான். எழுதும்போது மெலிந்த டிரைவ்கள் அதைவிட அதிகம் கேட்கும். ஹப்பைத் தவிர்த்துக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். டிரைவோடு இரட்டைத் தலை கேபிள் வந்திருந்தால் இரண்டு தலையையும் செருக வேண்டும்.

பாதியில் நின்றுவிடுகிறது

ஒரு காலத்தில் இது தினசரிச் சங்கதி. கணினி கொடுக்கும் டேட்டா ஒரு நொடி தாமதித்தாலும் டிஸ்க் குப்பைக்குப் போகும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த பஃபர் பாதுகாப்பு நுட்பங்களுக்குப் பிறகு டிரைவ் நின்று, விட்ட இடத்தில் தொடரக் கற்றுக்கொண்டது. ஆனாலும் நின்று நின்று எழுதிய டிஸ்க் நல்ல டிஸ்க் இல்லை. 16எக்ஸ் வேகத்தில் டிவிடி நொடிக்குச் சுமார் 22 எம்பி விழுங்கும். நெட்வொர்க்கில் இருக்கும் ஃபோல்டரோ, ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களோ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

வழி எளிது: முதலில் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கிலேயே ஒரே ஐஎஸ்ஓ இமேஜாகக் கட்டுங்கள், பிறகு அந்த இமேஜை எழுதுங்கள். ஒரே பெரிய ஃபைலை வரிசையாகப் படிப்பதால் தடங்கல் வராது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. டிஸ்க்கில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு உங்கள் கையில் அச்சு அசலான பிரதி ஒன்று இருக்கும். பின்னால் ஒப்பிட அதுதான் உதவும்.

எழுதும் நேரத்தில் கணினி தூங்கப் போகாதபடி அமைப்பை மாற்றிவிடுங்கள். லினக்ஸில் செருகிய டிஸ்க்கைத் தானாகத் திறக்கும் வசதி, விண்டோஸில் ஆன்டிவைரஸ் இரண்டும் எழுதும் நடுவில் டிரைவை எட்டிப் பார்ப்பது உண்டு. அதையும் நிறுத்திவைப்பது நல்லது.

டேட்டா 50 எம்பிதான், ஆனால் டிஸ்க் நிரம்பிவிட்டது

புரோகிராமின் 'சேமி' பொத்தான் நேராக டிஸ்க்கைக் குறிவைத்தால் இப்படித்தான் ஆகும். விண்டோஸில் 'யூஎஸ்பி டிரைவ் போல' என்ற தேர்வில் தயாரித்த டிஸ்க்கில் ஃபைலை இழுத்துப் போடலாம், அழிக்கலாம், மாற்றலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்க்கில் எதுவும் அழிவதில்லை. பழைய பிரதி அங்கேயே கிடக்கும், பட்டியலில் மட்டும் இருக்காது. பத்து முறை சேமித்தால் பத்து பிரதிகள். டிஸ்க்கை வெளியே எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் செஷனை, அதாவது ஒரு தடவையில் எழுதிய தொகுதியை, மூட இன்னொரு 20 எம்பி போகும்.

சிடியில் நிலைமை இன்னும் மோசம். பாக்கெட் முறையில், அதாவது சிறு சிறு துண்டுகளாக, எழுதும்போது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இணைப்புக்கென்று 7 பிளாக், அதாவது 14 கேபி, வீணாகும். புரோகிராம் இரண்டு கேபி பதிவு ஒன்றை எழுதினால்கூட இந்தத் தண்டம் உண்டு. மல்டிசெஷன் சிடியில் முதல் செஷனை மூடச் சுமார் 22 எம்பி, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 எம்பி செலவாகும்.

குட்டி ஃபைல்களும் இடத்தைத் தின்னும். ஒரு ஃபைல் எவ்வளவு சிறியதானாலும் டிஸ்க்கில் 2,048 பைட் கொண்ட ஒரு செக்டரையாவது பிடிக்கும். 100 பைட் ஃபைல்கள் 1,00,000 இருந்தால் உண்மையான டேட்டா 10 எம்பி, டிஸ்க்கில் போவது 200 எம்பிக்கு மேல். இவற்றை ஜிப் அல்லது டார் ஃபைலாகக் கட்டிவிட்டால் தீர்ந்தது. சேமிப்பை ஹார்ட் டிஸ்க்கில் நடத்துங்கள். வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை மொத்தமாக எழுதி மூடுங்கள். புரோகிராம் எழுதுபவர் நீங்களே என்றால், பயனர் சேமிக்கும் இடமாக டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கவே விடாதீர்கள்.

எழுதிய கணினியில் தெரிகிறது, வேறு கணினியில் காலி டிஸ்க்

டிஸ்க்கை மூடவில்லை. பத்தில் எட்டு முறை விடை இதுவாகத்தான் இருக்கும். மேலே சொன்ன இழுத்துப்போடும் முறையில், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை டிஸ்க்கின் கடைசியில் எழுதப்படும். செஷனை மூடாமல் டிஸ்க்கை எடுத்தாலோ, மின்சாரம் போனாலோ, அடுத்த கணினிக்கு அந்த அட்டவணை கண்ணில் படாது.

டிஸ்க்கை எழுதிய அதே டிரைவுக்கே கொண்டுபோய் 'செஷனை மூடு' என்று கொடுங்கள். பெரும்பாலும் இருக்கும் ஃபைல்கள் அப்படியே வெளிச்சத்துக்கு வரும். அந்த டிரைவ் கைவசம் இல்லையென்றால் அதே இயங்குதளம் உள்ள வேறு கணினியில் முயன்று பாருங்கள்.

மூடியும் தெரியவில்லை என்றால், இழுத்துப்போடும் டிஸ்க்குகளின் ஃபைல் அமைப்பான யூடிஎஃப்பின் பதிப்பு காரணமாக இருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி 2.01 வரைதான் படிக்கும், 2.50 எக்ஸ்பிக்குப் புரியாது. பழைய கணினிகளிலும் கருவிகளிலும் படிக்க வேண்டிய டிஸ்க்கை ஐஎஸ்ஓ 9660 என்ற பழைய ஃபைல் அமைப்பும் அதன் நீட்டிப்பான ஜோலியட்டும் சேர்த்து எழுதுவதே பாதுகாப்பு. ஒரே ஒரு விதிவிலக்கு: 4 ஜிபி தாண்டும் தனி ஃபைல் இருந்தால் யூடிஎஃப் வேண்டும், இல்லாவிட்டால் ஃபைலைத் துண்டாக்க வேண்டும்.

போன மாதம் எழுதியவை காணாமல் போய்விட்டன

இரண்டாம் செஷனை எழுதும்போது முதல் செஷனை 'இறக்குமதி' செய்யாமல் விட்டால் புதிய பட்டியலில் பழைய ஃபைல்கள் வராது. அவை டிஸ்க்கில் அப்படியே இருக்கின்றன. ஐசோபஸ்டர் போன்ற புரோகிராம்கள் செஷன்களைத் தனித்தனியாகக் காட்டும். லினக்ஸில் எந்த செஷனைத் திறக்க வேண்டும் என்று எண் கொடுத்தே மவுண்ட் செய்யலாம். எடுத்துக்கொண்டு புதிய டிஸ்க்கில் எழுதிவிடுங்கள். முக்கியமான டேட்டாவுக்கு மல்டிசெஷனே வேண்டாம் என்பது என் கட்சி. டிஸ்க் மலிவு, குழப்பம் மலிவில்லை.

ஃபைல் பெயர்கள் வெட்டுப்பட்டோ சிதைந்தோ வருகின்றன

ஐஎஸ்ஓ 9660 முதல் நிலையில் பெயருக்கு 8 எழுத்து, பின்னொட்டுக்கு 3; ஃபோல்டருக்குள் ஃபோல்டர் 8 நிலைதான். ஜோலியட் இதை 64 குறிகளாக உயர்த்துகிறது. 64 தாராளம்தானே என்று தோன்றும். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு அது அவ்வளவு தாராளம் இல்லை. 'நோயாளி_பரிசோதனை_அறிக்கை' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 12 எழுத்தும் 2 கோடும். யூனிகோடில் ஒவ்வொரு துணையெழுத்தும் புள்ளியும் தனிக் குறி என்பதால் கணினிக்கு இது 23. கூடவே தேதி, கிளை, பதிப்பு என்று சேர்த்தால் 64 சீக்கிரம் முடிந்துவிடும். வெட்டப்பட்ட பிறகு இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிட்டால் பர்னிங் புரோகிராம் ஒன்றின் பெயரை மாற்றும். உங்கள் புரோகிராமோ பழைய பெயரைத்தான் தேடும்.

லினக்ஸ் பக்கம் ஐஎஸ்ஓ 9660-இன் இன்னொரு நீட்டிப்பான ராக் ரிட்ஜ் பெயருக்கு 255 பைட் தருகிறது, தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் ஆகும்.

இதைவிடக் குறும்பான சிக்கல் ஒன்று உண்டு. 'ோ' என்ற துணையெழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், 'ே', 'ா' என்ற இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் அமைப்பு பெயர்களை இரண்டாகப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து எழுதிய டிஸ்க்கை வேறு கணினியில் திறந்தால் பெயர் கண்ணுக்கு அதே மாதிரி இருக்கும், 'ஃபைல் இல்லை' என்று புரோகிராம் சொல்லும். மணிக்கணக்கில் தலையைச் சொறிய வைக்கும் சங்கதி இது. ஆகவே டிஸ்க்கில் போகும் ஃபைலின் பெயரைச் சுருக்கமாக, ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வையுங்கள். தமிழ்ப் பெயர்களை உள்ளே ஒரு பட்டியல் ஃபைலில் எழுதி வைக்கலாம். அல்லது எல்லாவற்றையும் ஜிப்புக்குள் அடைத்துவிடலாம்.

ஃபைல் இருக்கிறது, நகலெடுக்கவும் முடிகிறது, புரோகிராம் மட்டும் திறக்க மறுக்கிறது

இங்கேதான் டிஸ்க்கின் மேல் வீண்பழி அதிகம் விழுகிறது.

டிஸ்க்கில் இருந்தே நேராகத் திறக்கிறீர்களா? பல புரோகிராம்கள் படிக்க மட்டும் என்றாலும் பூட்டு ஃபைல், தற்காலிக ஃபைல் எதையாவது பக்கத்தில் உருவாக்கப் பார்க்கும். டிஸ்க்கில் அதற்கு இடம் கிடைக்காமல் பிழை காட்டும். அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல் இப்படித்தான். படிக்க மட்டுமான இடத்தில் இருந்தால் திறக்காது. ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து அங்கிருந்து திறங்கள்.

நகலெடுத்த பிறகும் 'எழுத அனுமதி இல்லை' என்று வந்தால், நகலெடுத்த ஃபைலின் பண்புகளைப் பாருங்கள். டிஸ்க்கில் இருந்த 'படிக்க மட்டும்' என்ற குறி கூடவே வந்திருக்கலாம். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். லினக்ஸில் உரிமையாளரும் அனுமதிகளும் மாறியிருக்கும், அதையும் சரிசெய்ய வேண்டும்.

இதற்கும் மசியவில்லை என்றால், எழுதுவதற்கு முன்பே ஃபைல் முழுமையாக இல்லாமல் இருந்திருக்கலாம். இன்று எத்தனையோ புரோகிராம்கள் உள்ளுக்குள் எஸ்க்யூஎல்லைட் தரவுத்தளத்தைத்தான் பயன்படுத்துகின்றன, ஆகவே அதையே உதாரணமாகப் பார்ப்போம். அது வால் (WAL, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதுவது) என்ற முறையில் ஓடும்போது புதிய பதிவுகள் உடனே முதன்மை ஃபைலுக்குப் போவதில்லை. அதே பெயரோடு '-வால்' (-wal) என்று முடியும் பக்கத்து ஃபைலில் சேரும். இயல்பாக 1,000 பக்கங்கள் சேர்ந்த பிறகே முதன்மை ஃபைலுக்கு மாற்றப்படும். நீங்கள் முதன்மை ஃபைலை மட்டும் டிஸ்க்கில் எழுதினால் கடைசி நாட்களின் பதிவுகள் விட்டுப்போகும். செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பொருந்தும், டிஸ்க்கில் ஒரு கீறல் இருக்காது, டேட்டா மட்டும் குறையும்.

வால் முறையில் உள்ள ஃபைலைத் தனியாக டிஸ்க்கில் வைத்து அங்கேயே திறக்க முயன்றாலும் தோல்விதான். துணை ஃபைல்களை உருவாக்க இடமில்லாததால் 'தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை' என்று சொல்லும். 'மாறாத ஃபைல்' என்ற விருப்பத்தைக் கொடுத்துத் திறந்தால்தான் திறக்கும். மாற்றும் முன் பழைய நிலையைத் தனி ஃபைலில் வைத்துக்கொள்ளும் பழைய ஜர்னல் முறையிலோ வேறு விதமான ஆபத்து: பரிவர்த்தனை நடந்துகொண்டிருக்கும்போது நகலெடுத்து, ஜர்னல் ஃபைலை விட்டுவிட்டால், பாதி மாறிய தரவுத்தளம்தான் டிஸ்க்குக்குப் போகிறது.

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. புரோகிராமை முழுதாக மூடுங்கள், பின்னணியில் ஓடும் சேவையையும் சேர்த்து. மூட முடியாத இடத்தில் புரோகிராமின் சொந்த பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள். எஸ்க்யூஎல்லைட்டில் பேக்கப் கட்டளை உண்டு. 2019-இல் வந்த 3.27 பதிப்பில் இருந்து 'வேக்கம் இன்ட்டூ' என்ற கட்டளையும் உண்டு. இரண்டுமே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் இருந்து ஒழுங்கான ஒற்றைப் பிரதியை எடுத்துத் தரும். அந்தப் பிரதியின் மேல் முழுமைச் சோதனையை ஓட்டி 'ஓகே' என்று வந்த பிறகே இமேஜுக்குள் சேருங்கள்.

இன்னொன்று: சில புரோகிராம்களின் ஃபைலுக்குள் படங்களுக்கும் இணைப்புகளுக்கும் 'டி டிரைவில் இந்த ஃபோல்டர்' என்று முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். தரவுத்தளம் திறக்கும், படங்கள் வராது. எல்லாம் புதிதாக நிறுவிய வேறு கணினியில் மீட்டுப் பார்த்தால்தான் இது தெரியவரும்.

செக்சம் பொருந்தவில்லை

பதற வேண்டாம், எதை எதோடு ஒப்பிட்டீர்கள் என்று பாருங்கள். டிஸ்க் முழுவதையும் படித்து இமேஜோடு ஒப்பிட்டிருந்தால் கடைசிப் பகுதி வேறுபடுவது சகஜம். டிவிடியில் 32 கேபி மடங்காக நிரப்பி எழுதப்படும். டிராக்காக எழுதிய சிடியில் கடைசியில் இரண்டு பிளாக்குகள் இணைப்புக்காக இருக்கும், அவற்றைப் படிக்கப்போனால் பிழை வரும். இமேஜின் அளவை 2,048-ஆல் வகுத்து, அத்தனை செக்டர்களை மட்டும் படித்து ஒப்பிடுங்கள். இப்போது பொருந்தினால் கவலை இல்லை. சிடி எழுதும்போது முழு டிஸ்க்காக எழுதும் முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லையே வராது.

ஃபைல் ஃபைலாக ஒப்பிட்டும் பொருந்தாவிட்டால் அது நிஜமான கோளாறு. டிஸ்க்கை வெளியே எடுத்து மறுபடி செருகி ஒருமுறை பாருங்கள்; எழுதிய உடனே படிக்கும்போது கணினி தன் நினைவில் இருந்ததையே காட்டக்கூடும். இரண்டாம் முறையும் அதே ஃபைல் தவறினால், மூலத்தையும் ஒருமுறை மறுபடி கணக்கிடுங்கள். மூலத்தின் செக்சம் மாறியிருந்தால் எழுதும்போது ஃபைல் மாறிக்கொண்டிருந்தது; மேலே உள்ள பகுதிக்குத் திரும்புங்கள். மூலம் மாறாமல் டிஸ்க் மட்டும் வேறாக இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, வேறு டிஸ்க்கில் நடு வேகத்தில் எழுதுங்கள். 16எக்ஸ் டிவிடிக்கு 8எக்ஸ் சரி. மிகமிக மெதுவாக எழுதினால்தான் நல்லது என்பது பழைய நம்பிக்கை. இன்றைய டிஸ்க்கும் டிரைவும் அதற்கேற்பத் தயாரானவை இல்லை.

ஃபைல்களின் ஷா-256 வகை செக்சம் பட்டியலை டிஸ்க்குக்குள்ளும் வையுங்கள், வெளியிலும் ஒரு பிரதி வையுங்கள்.

அன்று படித்தது, இன்று படிக்கவில்லை

டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். சிடியில் டேட்டா இருப்பது லேபிள் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியில். அங்கே ஒரு கீறல் விழுந்தால் போனது போனதுதான். எழுத நினைத்தால் மென்மையான மார்க்கர், அதுவும் நடு வளையத்தில். டிவிடியில் டேட்டா இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. புளூ-ரேயில் படிக்கும் பக்கத்தில் இருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில். அழுக்கை மென்துணியால் மையத்தில் இருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள். வட்டமாக விழும் கீறல் ஒரே தடத்தில் நீளமாக டேட்டாவை மறைக்கும், பிழைதிருத்தத்தால் அதைத் தாண்ட முடியாது.

கீறல் எதுவும் இல்லை என்றால் சாயப்பூச்சு வெளுத்திருக்கலாம். வெயிலும் சூடும் ஈரமும் அதற்கு எதிரி. திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்குகளை நீண்டகாலச் சேமிப்புக்கு நான் நம்புவதில்லை, அவை அன்றாடப் பரிமாற்றத்துக்குச் சரி. புளூ-ரேயிலும் எல்டிஹெச் என்று குறித்தவை கரிமச் சாயம் கொண்டவை. நீண்டகாலம் வைக்க வேண்டியதற்குக் கனிமப் பூச்சு உள்ளதை வாங்குங்கள்.

இனி எழுதப்போகும் டிஸ்க்குகளில் மீட்புக்கான டேட்டாவையும் சேர்த்துவிடலாம். பார்2 ஃபைல்கள் 10 அல்லது 15 சதவீதம் போதும். ஆனால் அவை ஃபைல்களை மட்டும் காக்கும். டிஸ்க்கின் பட்டியலே சிதைந்தால் பார்2-ஐயே படிக்க முடியாமல் போகலாம். டிவிடிசாஸ்டர் என்ற புரோகிராம் இமேஜ் அளவில் செக்டர் செக்டராகக் காப்பதால் பட்டியலும் சேர்ந்து பாதுகாக்கப்படும். அதற்கு டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தைக் காலியாக விட்டு இமேஜைக் கட்ட வேண்டும்.

ஏற்கெனவே கெட்ட டிஸ்க்கில் ஃபைல்களை ஒவ்வொன்றாக இழுத்து டிரைவை வதைக்காதீர்கள். டிடிரெஸ்க்யூ புரோகிராமில் செக்டர் அளவை 2,048 என்று கொடுத்து முழு இமேஜாக எடுங்கள். படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, விடுபட்ட இடங்களை அது ஒரு வரைபட ஃபைலில் குறித்துவைக்கும். பிறகு டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டு அதே வரைபட ஃபைலோடு மறுபடி ஓட்டுங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டரை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடக்கும். மீதி விடுபட்டவை டிவிடிசாஸ்டர் மீட்பு அளவுக்குள் இருந்தால் இமேஜை அதிலேயே சரிசெய்து, புதிய டிஸ்க்கில் எழுதி, ஷா-256 பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.